விஞ்ச் கயிறும் வீராப்பும்

ஆம்பளை ஒரு சபதம் எடுத்தால் அது நிற்க வேண்டும் என்பது அருளானந்தத்தின் கொள்கை. அவர் எடுத்த சபதம் மூன்று வருடமாக நின்றது. அவர் வாங்கிய லேண்ட் ரோவரும் அப்படியே. தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் வீடமைப்பு பிளாக்கின் கார் பார்க்கில் வாரம் முழுவதும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அதைக் கழுவித் துடைத்து, ஊரை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வந்து, மறுபடி அதே இடத்தில் நிறுத்துவார்.

அரசாங்க ஏலத்தில் எடுத்த வண்டி. காட்டு வண்டி. சிங்கப்பூரில் காடு எங்கே இருக்கிறது என்று மனைவி உர்சுலா கேட்டதற்கு, "ஜோகூர்ல இருக்கு" என்றார். வண்டியின் மூக்கில் ஒரு விஞ்ச் இருந்தது. சேற்றில் மாட்டிக்கொண்டால் அதன் கம்பியை உருவி, எதிரே இருக்கும் மரத்தில் கட்டிவிட்டு, நீள ஒயரில் வரும் பொத்தானை அமுக்க வேண்டும். உருளை சுற்றும். வண்டி தன்னைத்தானே மரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இதை அருளானந்தம் லிஃப்டில் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். ஒன்பதாவது மாடி வந்தும் விளக்கம் முடியாது. ஆகையால் பாதிப் பேர் ஐந்தாவது மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போனார்கள்.

சபதத்துக்கு வருவோம். அதற்கும் காரணம் இந்த விஞ்ச்தான்.

உர்சுலாவுக்கு ஒரே தம்பி, பெர்னார்ட். அத்தானும் மைத்துனனும் கூட்டாளிகளோடு ஒரு தடவை ஜோகூரில் கோத்தா திங்கி பக்கம் மீன் பிடிக்கப் போனார்கள். நல்ல மழை. ரப்பர் தோட்டத்துச் சேற்றில் வண்டி புதைந்தது. அருளானந்தம் சந்தோஷமாகக் கம்பியை மரத்தில் கட்டினார். விஞ்ச் இழுத்தது. இரும்புக் கம்பி பாதியில் அறுந்து, சாட்டை மாதிரி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து, அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டுப் போய், ஆக்கி வைத்திருந்த இறால் சம்பல் சட்டியைச் சுக்குநூறாக்கியது. கூட வந்த கூட்டாளிகள் எதிரிலேயே பெர்னார்ட் கத்தினான்.

"அத்தான், இந்தக் கம்பியும் உங்களை மாதிரிதான்! வளையத் தெரியாது, அறுந்து போகத்தான் தெரியும்!"

தலை தப்பியது. தன்மானம் தப்பவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் அருளானந்தம் அறிவித்தார்.

"உர்சுலா, கேட்டுக்க. இனிமே அவன் வீட்டு வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். அவன் பேரும் இந்த வீட்டுல வரக் கூடாது. அவனைப் பத்தி ஒரு பேச்சு எனக்குக் கேக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள் உர்சுலா.

மனைவி ஒரே வார்த்தையில் சரிங்க என்று சொல்லிவிட்டால் கல்யாணமான எவனும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கக் கூடாது. அருளானந்தம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

உர்சுலா கட்டளையை எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். குடும்பச் செபமாலையில் அவர் கேட்கும்படியே, "இந்த மணி, பேர் சொல்லக் கூடாதவருக்காக" என்பாள். அவள் 'அருள் நிறைந்த மரியாயே' என்று ஆரம்பித்தால், 'பரிசுத்த மரியாயே' என்று அவர் முடித்துத்தானே ஆக வேண்டும்? மைத்துனனோடு பேச்சில்லாத அந்த மூன்று வருடத்தில், மைத்துனனுக்காக ஊரிலேயே அதிகமாக வேண்டிக்கொண்ட ஆள் அருளானந்தமாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கையில் மகள் பிரிஜட்டுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கிறிஸ்துமஸ் முடிந்து, தை மாதம். பூசை என்னவோ ரோமாபுரி முறைப்படிதான். சீர் தஞ்சாவூர் முறைப்படி அல்லவா? தாய்மாமன் வந்து மாலை போட்டு, கையைப் பிடித்து வீட்டை விட்டு இறக்கினால்தான் பெண் கோயிலுக்குக் கிளம்ப முடியும். அந்த மாமனை யார் அழைப்பது? பெண்ணைப் பெற்றவனும் பெற்றவளும் சேர்ந்து, தாம்பூலத் தட்டோடு அவன் வீட்டுக்கே போய் அழைக்க வேண்டும். தபாலில் அழைத்தால் செல்லாது. போனில் அழைத்தால் அது அழைப்பே இல்லை.

"மாமா வராம நான் லிஃப்ட் பட்டனை அமுக்க மாட்டேன்பா. ஐ மீன் இட்" என்று பிரிஜட் சொல்லிவிட்டாள். பிடிவாதம் அப்பன் வழியில் வந்தது, யாரைக் குறை சொல்ல?

உர்சுலா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காப்பியை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"என்னங்க, இந்த வாரம் அழைக்கப் போவோமா?"

"யாரை?"

"பேர் சொல்லக் கூடாதே."

"இந்த வாரம் எனக்கு வேலை இருக்கு லா."

"என்ன வேலை?"

முதல் ஞாயிறு டயர் என்றார். அடுத்த ஞாயிறு பிரேக் என்றார். அதற்கும் அடுத்த வாரம் வண்டியில் பழுதான சாமான் எதுவும் மிச்சமில்லை. அருளானந்தம் யோசித்தார். துறைமுகக் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை பார்த்த மூளை. கல்யாணம் வரைக்கும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் தின்று தீர்க்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்துவிட்டால்? அன்றைக்கே விஞ்ச்சில் மிச்சமிருந்த கம்பியைத் துடைக்கும்போது அறுந்த இழை ஒன்று மீன் முள் மாதிரி உள்ளங்கையில் ஏறியது. வலித்தது. ஆனால் மனுஷன் சிரித்துக்கொண்டே மாடிக்கு வந்தார்.

"உர்சுலா! இந்தக் கம்பியை எடுத்துட்டு வேற கயிறு போடணும். லேசுப்பட்ட வேலை இல்லை. கிறிஸ்துமஸ் வரைக்கும் ஆகும். அதுக்கப்புறமும் ஆகலாம்."

அவள் அவர் கையில் மஞ்சள் வைத்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, "தாராளமா போடுங்க. எனக்கும் அந்தக் கம்பியைக் கண்டாலே பயம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவருக்கு ஒரு கணம் உறுத்தியது. ஒரு கணம்தான்.

எட்டாவது மாடியில் அப்துல் கஃபார் இருந்தார். கப்பல் சாமான் விற்கும் கடையில் கயிற்றுப் பகுதிக்குப் பொறுப்பு. அருளானந்தம் விஷயத்தைச் சொன்னதுமே பிடித்துக்கொண்டார்.

"இரும்பை விடுங்கண்ணே. பாலியெஸ்டர் கயிறு போடுங்க. கப்பலையே கட்டி நிறுத்துது, உங்க வண்டி எம்மாத்திரம்? நைலான் வேணாம், அது ரப்பர் மாதிரி இழுபடும். இது லேசு. கையைக் குத்தாது. தப்பித் தவறி அறுந்தாலும் கம்பி மாதிரி சாட்டை எடுத்து வராது. கடையில ஒரு நல்ல துண்டு மிச்சம் கிடக்கு. பாத்து எடுத்துட்டு வரேன்."

அடுத்த வாரமே கொண்டுவந்தார். வெள்ளைக் கயிறு, நடுவில் நீலக்கோடு. கைக்கு மெத்தென்று இருந்தது. ஒரு முனையை வளைத்து, இரும்பு வளையம் ஒன்றை உள்ளே வைத்து, புரிக்குள் புரியைச் செருகிக் கண் பின்னியிருந்தது. முடிச்சே இல்லை. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. அருளானந்தம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதமா இருக்கே பாய்! யாரு பின்னினது?"

"நம்ம கடையில ஒரு ஆளு" என்றார் கஃபார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"கைக்குத் தங்கக் காப்பு போடலாம். நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்லிடறேன்ணே. சந்தோஷப்படுவாரு."

பிறகு கஃபார் பாடம் எடுத்தார். இத்தனை வருடம் இரும்புக் கம்பி உரசிய உருளையிலும், கயிறு வெளியே வரும் வாயிலும் பிசிறு இருக்கும். அப்படியே போட்டால் புதுக் கயிற்றை அது ரம்பம் மாதிரி அறுத்துவிடும். அரம் போட்டு ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். ஆயிற்றா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரு நைலெக்ஸ் துணியை அதன் மேல் இழுத்துப் பார்க்க வேண்டும். நூல் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் சரி.

நைலெக்ஸ் துணிக்கு எங்கே போவது? அலமாரியைத் திறந்ததும் மேலேயே, கைக்கு எட்டும்படி, உர்சுலாவின் ரோஸ் கலர் நைலெக்ஸ் சேலை மடித்து வைத்திருந்தது. கடவுள் கண் திறந்தார் என்று எண்ணிக்கொண்டு அதைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினார். இழுத்துப் பார்த்தார். எங்கும் மாட்டவில்லை, வெண்ணெய் மாதிரி வந்தது. பூரித்துப்போய், சேலையை இருந்தபடியே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

மாலையில் உர்சுலா சேலையும் கையுமாக வந்தாள்.

"இதுல கிரீஸ் வாசம் வருதே?"

"கிரீஸா? மார்க்கெட்ல பட்டிருக்கும்."

"அலமாரிக்குள்ள எப்பலேர்ந்து மார்க்கெட் போட்டாங்க?" அவள் சேலையை விரித்தாள். ஓரத்தில் ஒரு முழத்துக்குக் கிழிசல். அதன் வழியே அவளுடைய முகம் தெரிந்தது.

அருளானந்தம் கிழிசலைத் தடவிப் பார்த்தார். எங்குமே மாட்டவில்லையே! ஆனால் அதைச் சொன்னால் சேலையை எடுத்ததை ஒப்புக்கொண்டது போல் ஆகும். சொல்லாவிட்டால் கிழித்ததை ஒப்புக்கொண்டது போல் ஆகும். கடைசியில் இரண்டையும் ஒப்புக்கொண்டார்.

"புதுசு எடுத்துத் தரேன் உர்சுலா."

"புதுசு வேணாம். எங்க அம்மா வாங்கிக் குடுத்த சேலை. அதுக்குப் பதிலா எனக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை குடுங்க. நான் கூப்பிடற இடத்துக்கு வரணும்."

அருளானந்தம் உஷாரானார். பெர்னார்ட் இருப்பது கேலாங்கில் என்பது அவருக்கு மறக்கவில்லை.

"கேலாங் பக்கம் மட்டும் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"மாதா சத்தியமா கேலாங் இல்லைங்க."

உர்சுலா மாதா பேரில் பொய்ச் சத்தியம் செய்கிறவள் இல்லை. அவர் நிம்மதியாகத் தலையாட்டினார்.

கயிறு மாட்டும் ஞாயிறு வந்தது. கஃபாருக்குக் கடையில் வேலை. ஒரு கயிற்றைச் சுற்றுவதற்கு இன்னொரு ஆள் எதற்கு என்று அருளானந்தம் தனியாகவே இறங்கினார். முனையை உருளையில் மாட்டி, பொத்தானை அமுக்கி, இன்னொரு கையால் கயிற்றைத் தாலாட்டிக் கொடுத்தபடி மெத்தை மெத்தையாகச் சுற்றினார். பார்க்க அவ்வளவு அழகு. மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வரும் அண்ணாதுரையின் லாரி பக்கத்தில் நின்றது. அருளானந்தம் கயிற்றுக் கண்ணை அதன் கொக்கியில் மாட்டினார்.

"அண்ணாதுரை, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்க. என் வண்டியோட பலத்தைக் காட்டறேன்."

கார் பார்க்கில் கூட்டம் கூடிவிட்டது. மாடிகளிலிருந்து, துணி காயப்போட்ட மூங்கில் கழிகளுக்கு நடுவே தலைகள் எட்டிப் பார்த்தன. பொத்தானை அமுக்கினார். கயிறு விறைத்தது. அடுத்த கணம், மேலே இருந்த சுற்று, கீழே லொடலொடவென்று கிடந்த சுற்றுகளைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கி, அங்கேயே கெட்டியாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. லேண்ட் ரோவரும் காய்கறி லாரியும் தாலி கட்டிக்கொண்டது போல் நின்றன.

"அண்ணே, சாயங்காலம் எனக்கு லோடு இருக்குண்ணே" என்றான் அண்ணாதுரை பரிதாபமாக.

பிரித்தெடுக்க மத்தியானம் முழுவதும் ஆயிற்று. கடையிலிருந்து வந்த கஃபார் தலையில் அடித்துக்கொண்டார்.

"கையால சுத்தினா இப்படித்தான்ணே! பாரம் இழுத்துக்கிட்டே சுத்தணும். கயிறு முழுசையும் வெளிய விட்டு, உருளையில சில சுத்து மட்டும் மிச்சம் வச்சு, அந்த முனையை நல்ல மரத்துல கட்டி, வண்டி தன்னையே சேத்துல இழுத்துக்கிட்டுப் போகணும். அப்பதான் சுத்துக்குச் சுத்து கல்லு மாதிரி உக்காரும்."

"சேத்துக்கு நான் எங்க போவேன் பாய்? சிங்கப்பூர் முழுக்க சிமெண்டுதானே போட்டு வச்சிருக்கான்!"

காப்பி கொண்டுவந்த உர்சுலா சும்மா சொல்வது போல் சொன்னாள். "சேறுதானே? பொங்கோல் பக்கம் லோரோங்கு சந்துக்குள்ள போனா மழைக்கு முட்டி வரைக்கும் இருக்குமாமே."

"ஆமா! பொங்கோல்!" என்று கஃபார் துள்ளினார். கொஞ்சம் அதிகமாகவே துள்ளினார்.

"எனக்குக் குடுத்த ஞாயித்துக்கிழமை ஒண்ணு இருக்கே, அதை இதுக்கே எடுத்துக்குங்க" என்றாள் உர்சுலா. "நானும் கூட வரேன். சாப்பாடு எடுத்துக்கலாம்."

அருளானந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாகக் கேட்டு வாங்கிய ஒரு ஞாயிறு. அதையும் புருஷனுடைய கயிற்றுக்குத் தானம் செய்கிறாள். இப்படிப்பட்டவளுடைய சேலையைக் கிழித்தோமே, அவளைச் சுற்றலில் விட்டு ஞாயிறு ஞாயிறாக ஏய்த்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுவதும் அவரே பாத்திரம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினார்கள். பின்சீட்டில் கஃபார். அவர் பக்கத்தில் வெள்ளைத்துணி போட்டு மூடிய பெரிய கூடை. அதைத் திறக்க வேண்டாம், ஈ மொய்க்கும் என்று உர்சுலா சொல்லியிருந்தாள். டிசம்பர் மழை அப்போதுதான் விட்டிருந்தது. பொங்கோல் தார் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் அவள் ஒரு லோரோங்கைக் காட்டினாள். இரண்டு பக்கமும் வாழை. நடுவில் சேறு, சேறு, சேறு. வெகு தூரத்தில், பாதை முடிகிற இடத்தில், ஒரு பெரிய ரம்புத்தான் மரம்.

"உர்சுலா, இதைவிட நல்ல இடம் உலகத்துலயே கிடையாது!"

"எல்லாம் உங்க அதிர்ஷ்டம்ங்க."

கம்பியாக இருந்தால் இரண்டு ஆள் இழுக்க வேண்டும். இந்தக் கயிற்றின் கண்ணை உர்சுலா ஒரு தோளில் போட்டுக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, சேற்றில் நடந்தே போய்விட்டாள். மரத்துக்குச் சாக்குச் சுற்றி, கித்தான் பட்டையைப் போட்டுக் கட்டினாள். திரும்பும்போது கயிற்றின் நடுவில் கனமான போர்வையைப் போட்டாள். அறுந்தால் துள்ளாமல் இருக்க அது வேண்டும் என்று கஃபார் சொல்லியிருந்தார். கயிறு மரத்துக்கும் வண்டிக்கும் நடுவே நேராக நின்றது. உருளையில் சொன்னபடி சில சுற்று மட்டும் மிச்சம். ஒரு சாண் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"என்ன பொருத்தம்!" என்றார் அருளானந்தம், பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்த உர்சுலாவிடம்.

பொத்தானை அமுக்கினார். கயிறு விறைத்தது. லேண்ட் ரோவர் ஒரு முனகல் முனகி, தார் ரோட்டை விட்டுச் சேற்றில் இறங்கி, மெல்ல மெல்ல ஊர்ந்தது. உருளையில் கயிறு சுற்றுக்குச் சுற்று, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தது. அறுபடவில்லை, வழுக்கவில்லை, இறங்கவில்லை. ஓரமாக நடந்து வந்த கஃபாரிடம் அவர் ஜன்னல் வழியாகப் பிரசங்கமே பண்ணினார்.

"பாத்தீங்களா பாய்? கம்பிக்கு வீராப்பு அதிகம், அதனாலதான் அறுந்துச்சு. கயிறு வளைஞ்சு குடுக்குது. வளைஞ்சு குடுக்கறதுதான் பலம்!"

"அப்படிச் சொல்லுங்கண்ணே" என்றார் கஃபார். தவளை தன் வாயால் கெடும் என்பது அவருக்குத் தெரியும்.

முக்கால் தூரம் வந்ததும் வாழைத்தோப்பு விலகியது. ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு தெரிந்தது. தகரக் கூரை, பச்சைக் கதவு, முற்றத்தில் வாத்துகள். மரத்தடியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு ஆள். அந்தக் குண்டு உடம்பும் அந்த வழுக்கையும் அருளானந்தத்துக்கு நன்றாகத் தெரிந்தவை.

"உர்சுலா!"

"என்னங்க?"

"அது... அது யாரு?"

"பேர் சொல்லக் கூடாதே."

"கேலாங் இல்லைன்னு சத்தியம் பண்ணினியே!"

"இது கேலாங்கா? பொங்கோல்தானே. அவங்க இங்க குடிவந்து ரெண்டு வருசம் ஆச்சு. உங்களுக்குச் சொல்லலாம்னுதான் நினைச்சேன். அந்தப் பேச்சே காதுல விழக் கூடாதுன்னுட்டீங்க."

அருளானந்தம் ரிவர்ஸ் கியரைப் போட்டார். நாலு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. வண்டி அசையவில்லை. கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கப் போனார்.

"நிறுத்தாதீங்கண்ணே!" என்று கஃபார் அலறினார். "நடுவுல நிறுத்தினா சுத்து தளந்துடும்! திரும்பவும் அன்னிக்கு மாதிரி ஆயிடும்!"

இது கயிற்று சாஸ்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ தெரியாது. ஆனால் அருளானந்தம் இக்கட்டில் மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் மூன்று வருடச் சபதம். ஒரு பக்கம் சுற்றுக்குச் சுற்று கல்லாக உட்கார்ந்திருக்கும் புதுக் கயிறு. கொஞ்ச நேரம் யோசித்தார். விரலை எடுக்கவில்லை. வண்டி ஊர்ந்து ஊர்ந்து போய், மைத்துனன் வீட்டு வாசலில், மரத்தை முட்டுகிற மாதிரி நின்றது.

"நான் இறங்க மாட்டேன்" என்றார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. "கால் வைக்க மாட்டேன்னா வைக்க மாட்டேன்."

"வைக்க வேணாம்ங்க. உக்காந்த இடத்துலயே இருங்க." உர்சுலா கூடையின் துணியை எடுத்தாள். உள்ளே தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, பட்டுக்கரை வேட்டி. அடுக்கிய வெற்றிலையையே அவள் மறுபடி மறுபடி அடுக்குவதை அவர் அப்போதுதான் பார்த்தார். அவள் இத்தனை நாளும் அழாமல் இருந்தது தைரியத்தால் அல்ல, அடக்கிக்கொண்டுதான் என்று அவருக்குப் புரிந்தது.

பெர்னார்ட் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். முதலில் அவரைப் பார்க்கவில்லை, உருளையைப் பார்த்தான். கயிற்றை ஒரு விரலால் அழுத்தினான்.

"நல்லா உக்காந்திருக்கு அத்தான்."

அருளானந்தம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உங்க தொப்பி பறந்துச்சு பாருங்க, தலையும் சேந்து போச்சுன்னுதான் நினைச்சேன். அக்காகிட்ட போய் நான் என்ன சொல்லுவேன்? அந்தப் பயத்துல வாய் என்னென்னமோ பேசிடுச்சு. மன்னிச்சிடுங்க." அவன் கயிற்றுக் கண்ணைத் தடவினான். "இந்த வண்டிக்கு ஒரு நல்ல கயிறு போட்டுக் குடுக்கணும்னு அப்பவே நினைச்சேன். நான் குடுத்தா நீங்க வாங்குவீங்களா? அதான் கஃபார் பாய்கிட்ட குடுத்து விட்டேன். இங்க வந்ததுலேர்ந்து நானும் அதே கடைதானே."

"அந்தக் கண்ணு?"

"நான்தான் பின்னினேன். தங்கக் காப்பு போடச் சொன்னீங்களாமே."

அருளானந்தம் அந்தக் கண்ணை ஒரு தடவை பார்த்தார். உர்சுலாவிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டு சட்டென்று இறங்கினார். ஒரு காலைத்தான் வைத்தார். அந்தக் கால் அவரைக் கேட்காமல் வழுக்கிப் போய்விட்டது. பெர்னார்ட் தாவித் தட்டைப் பிடித்தான், அத்தானைப் பிடிக்கவில்லை. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மீசை முழுக்க மண்.

உர்சுலா வாயைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, கால் வைக்க மாட்டேன்னீங்க?" என்றாள்.

"நான் எங்க கால் வச்சேன்? விழுந்துல்ல வந்திருக்கேன்" என்றார் அருளானந்தம். எழுந்து, மண் கையாலேயே தட்டைத் திரும்ப வாங்கி, மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி, முறைப்படி நீட்டினார். "மச்சான், பிரிஜட்டுக்குக் கல்யாணம். மாமன் வந்து கையைப் பிடிச்சு இறக்கணும். குடும்பத்தோட வந்துடணும்."

பெர்னார்ட் தட்டை வாங்கிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். கஃபார் வாத்துகளைப் பார்த்தபடி மூக்கைச் சிந்தினார்.

சாப்பாட்டு மேசையில் ஆப்பத்திலும் வாத்துக் கறியிலும் ஆவி பறந்தது. பெர்னார்டின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, தலை ஈரத்தோடு உட்கார்ந்த அருளானந்தம், செபம் தானே சொல்வதாகச் சொன்னார். வழக்கமாக அவர் செபம் வேகமாகப் போகும். அன்றைக்கு நிதானமாகப் போயிற்று. உணவுக்கு நன்றி சொன்னார். மழைக்கு நன்றி சொன்னார். சேற்றுக்கு, கயிற்றுக்கு, கஃபார் பாய்க்கு, மகளுடைய பிடிவாதத்துக்கு நன்றி சொன்னார். "இந்த மடையனை இவ்வளவு தூரம் பொறுமையா இழுத்துட்டு வந்த உர்சுலாவுக்காகவும், என் மச்சான் பெர்னார்டுக்காகவும் ஆண்டவரே உமக்கு நன்றி" என்று முடித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பேரை அவர் வாயால் கேட்டதும் உர்சுலா தலையைக் குனிந்துகொண்டாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆமென் சொன்னாள்.

வயிறு நிறைந்தது. மனசும் நிறைந்தது. நிறைந்த மனசுக்காரன் வாயைக் கட்டிப்போட மாட்டான். அருளானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உர்சுலா, எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு கடமை பாக்கி இருக்கு. விஞ்ச்சுல இழுத்து உன் ரோஸ் நைலெக்ஸைக் கிழிச்சது நான். அந்தப் பாவத்துக்கு நாளைக்கே சிராங்கூன் ரோட்டுல உனக்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கறேன். நல்ல காஞ்சிபுரம்!"

உர்சுலா அவசர அவசரமாகத் தம்பியின் தட்டில் இன்னொரு ஆப்பத்தை வைத்தாள். அவன் வாய் நிறைய அதை மென்றுகொண்டே வெள்ளந்தியாகச் சொன்னான்.

"ரோஸ் நைலெக்ஸா? அதை நீங்க எங்க அத்தான் கிழிச்சீங்க? கயிறு வெட்டறதுக்காக ரம்புத்தான் மரத்துலேர்ந்து ரோடு வரைக்கும் அக்கா அந்தச் சேலையை வச்சுத்தான் அளந்துச்சு, அப்ப எங்க வேலியில மாட்டிக் கிழிஞ்சது!"